"டிரீட் கேப்பாங்க மேம்"

கல்லூரியில் பாடம் எடுக்க வந்து 11 வருடம் ஆகிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காசின் அருமை தெரியல" என்ற பேச்சை ஆசிரியர் அறையில் கேட்காத வாரமே இல்லை. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. என் வகுப்பில் பாதிப் பேர் முதல் பட்டதாரிகள். ஜெராக்ஸ் கடையில் மிச்சம் வரும் 2 ரூபாய்க்கும் கணக்கு வைத்திருப்பவர்கள். அவர்கள் கை மீறிச் செலவழிப்பது நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான்.

போன வருடம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி பிறந்தநாளன்று வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சல் என்றாள். அப்புறம் தனியாக வந்து சொன்னாள்: "டிரீட் கேப்பாங்க மேம்." எட்டுப் பேர் கொண்ட செட். மற்ற ஏழு பேரின் பிறந்தநாளுக்கும் பிரியாணி, கேக் என்று கூடவே போய்ச் சாப்பிட்டிருக்கிறாள். தன் முறை வரும்போது எப்படி ஒதுங்குவது? 1,500 ரூபாயாவது வேண்டும். அவள் கைக்கு மாதம் வருவது புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய். அதில் பாதி அம்மாவின் மகளிர் குழுக் கடன் தவணைக்குப் போய்விடும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் மிச்சத்தை வைத்து ரெக்கார்டு நோட்டு, ரீசார்ஜ் என்று ஓட்டுகிறாள். இந்தப் பெண்ணுக்குச் சிக்கனம் பற்றி நான் என்ன வகுப்பெடுக்க?

நாங்கள் படித்தபோது "கையில காசு இல்லப்பா" என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது. இப்போது ஒருத்தர் பில் கட்டுகிறார், சாப்பிட்டு முடிப்பதற்குள் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு இவ்வளவு என்று வந்துவிடுகிறது, யார் ஜிபே பண்ணவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிகிறது.

பையன்களுக்கு வேறு விதமான கஷ்டம். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து வந்த பையன்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. உண்மையிலேயே உதவியாக இருக்கிறது. ஆனாலும் டூருக்குப் பணம் கட்ட ஒருவன் கடன் செயலியில் வாங்கிவிட்டான். தவணை தவறியதும் அவன் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைப்பு போயிருக்கிறது. கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. பயந்துபோன பையனுக்கு அது எங்கே தெரியும்? வட்டியை விட, நண்பர்களுக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் அழுதான்.

அந்த டூருக்கு வசூல் பண்ணச் சொன்னது யார்? நாங்கள்தான். டூர், சிம்போசியம், ஃபேர்வெல்லுக்கு ஒரே நிறச் சேலை, எல்லாமே எங்கள் அனுமதியோடு நடப்பவை. பணம் கொடுத்தவர் பெயருக்கு நேரே டிக் போட்டு, பட்டியலை வகுப்பறைச் சுவரில் ஒட்டும் வழக்கமும் இருந்தது. எத்தனையோ வருடம் அதைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறேன் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சேர்க்கை சரியாக அமைந்தால் இதே பிள்ளைகள் எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். விடுதியில் பத்துப் பெண்கள் மாதம் 200 ரூபாய் போட்டுச் சீட்டு நடத்துகிறார்கள். ஏலம், கழிவு எதுவும் இல்லை. யாருக்கு அவசரமோ அவருக்கு முதலில். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நின்ற ஒருத்திக்கு இரண்டாவது மாதமே 2,000 ரூபாயையும் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வருடம் சுவரில் பட்டியல் ஒட்டக்கூடாது, யார் தரவில்லை என்று வகுப்பில் வாசிக்கக்கூடாது என்று துறையில் பேசி முடிவெடுத்தோம். வசூலே ஆகாது என்று சிலர் பயந்தார்கள். கடைசியில் 400 ரூபாய்தான் குறைந்தது. ஆசிரியர்கள் நான்கு பேர் போட்டுக்கொண்டோம்.