சீரியல் துப்பாக்கியும் அந்த இருபது விநாடியும்

போன வாரம் வீட்டில் ஒரு சரித்திரத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பாளையக்காரர் காலத்துக் கதை, 1801 என்று எழுத்துப் போட்டார்கள். சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் வரிசையாக நின்று சுடுகிறார்கள், மறுபடி சுடுகிறார்கள், நிறுத்தாமல் சுடுகிறார்கள். நம் ஆட்கள் ஈட்டியும் வாளுமாக ஓடி வந்து கொத்துக் கொத்தாக விழுகிறார்கள். ஆறாவது படிக்கும் மகள் கேட்டாள்: "ஏம்ப்பா, அவங்ககிட்ட இப்படிச் சுடுற துப்பாக்கி இருக்குன்னு தெரியும்ல? அப்புறம் ஏன் ஈட்டியைத் தூக்கிட்டு நேரா ஓடுறாங்க? யோசிக்கவே மாட்டாங்களா?"

அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. அவள் மேல் தப்பே இல்லை. திரையில் காட்டியதை வைத்துச் சரியாகத்தான் யோசித்திருக்கிறாள். தப்பு அந்தத் துப்பாக்கியில் இருக்கிறது.

சிப்பாய்கள் கையில் இருந்தது 303. பின்பக்கம் தாழ்ப்பாள் மாதிரி ஒன்றை இழுத்து இழுத்துச் சுடுவார்களே, பழைய போலீஸ்காரர்கள் தோளில் பார்த்திருப்பீர்கள், அந்த லீ-என்ஃபீல்ட். அது ராணுவத்துக்கு வந்தது 1895இல். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய் பிடித்திருந்தது பிரௌன் பெஸ் என்று பேர்போன சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. வெள்ளைக்காரன் துப்பாக்கி எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய நூறு வருஷம் கிடக்கிறது.

பிரௌன் பெஸ்ஸைக் கெட்டிப்பது, அதாவது மருந்தும் குண்டும் போட்டு நிரப்புவது, எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. இடுப்புப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய தோட்டாவை எடுக்க வேண்டும். அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். விசைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் துளி மருந்தைக் கொட்டி மூட வேண்டும். துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, மீதி மருந்தைக் குழாயின் வாய்வழியாகக் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் மேலே திணிக்க வேண்டும். குழாய்க்கு அடியில் செருகியிருக்கும் இரும்புக் கம்பியை உருவி, அடிவரை இடித்து, கம்பியைத் திரும்பச் செருக வேண்டும். அதன்பிறகு தூக்கி, விசையைப் பின்னுக்கு இழுத்து, சுட வேண்டும். நன்றாகப் பழகிய சிப்பாய் ஒரு நிமிஷத்துக்கு மூன்று தடவை சுடுவான். அதாவது ஒரு வேட்டுக்கு இருபது விநாடி. கல் சரியாக உரசாவிட்டால் அதுவும் வெடிக்காது. மழையில் மருந்து நனைந்தால் கையில் இருப்பது ஈட்டி சொருகிய கட்டைதான். நூறு கெஜத்துக்கு அப்பால் குறி வைத்து ஒரு ஆளை அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரைக்கு நரிக்குறவர்கள் கொக்கு, உள்ளான் சுட வருவார்கள். அவர்களுடைய துப்பாக்கியும் வாய்வழியாகக் கெட்டிப்பதுதான். கல்லுக்குப் பதில், அடித்தால் பொறி தெறிக்கும் சின்ன கேப் வைப்பார்கள், அவ்வளவே வித்தியாசம். மருந்தைப் போட்டு, நாரைத் திணித்து, ரவையைப் போட்டு, கம்பியால் நிதானமாக இடிப்பார் ஒருவர். குறி தப்பினால் பறவைக் கூட்டம் அடுத்த கரைக்கே போய்விடும். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். சுட்டதும் அவர் முகமே தெரியாத அளவுக்குப் புகை எழும்பும். தென் மாவட்டத்து ஆட்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் புகையை எந்தத் தொடரிலும் காணோம். புகையில்லாத வெடிமருந்து 1880களில் வந்தது. அதற்கு முன்னால் நூறு பேர் ஒன்றாகச் சுட்டால் எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழும்பிவிடும். எதிரி எங்கே என்று சுட்டவனுக்கே தெரியாது. பளிச்சென்ற சிவப்பு உடுப்பு, முரசு, தோளோடு தோள் ஒட்டிய வரிசை எல்லாம் அதோடு சேர்ந்தவைதான். ஒருவன் கெட்டிக்கும்போது இன்னொருவன் சுட வேண்டும், ஆகவே வரிசை. இருபது விநாடிக்குள் எவனாவது கிட்டே வந்துவிட்டால் குத்துவதற்குத் துப்பாக்கி முனையில் ஈட்டி.

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம். முதல் வேட்டு வெடித்ததும் புகைக்குள் பாய்ந்து ஓடுவது முட்டாள்தனமா? அந்தக் காலத்துத் துப்பாக்கியின் பலவீனம் எங்கே என்று தெரிந்தவன் செய்கிற காரியம் அது. வளைந்த எறிகட்டையான வளரியும் நீண்ட ஈட்டியும் அந்த இடைவெளிக்குப் பொருத்தமான ஆயுதங்கள். பாஞ்சாலங்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு கோட்டையை இடித்துவிட்டார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும், சில நாட்களில் அதே மண்கோட்டை மறுபடி எழுந்து நின்றது. மார்ச் 31இல் கம்பெனிப் படை ஏறிப் பார்த்து, பலத்த சேதத்தோடு திரும்பியது. கோட்டைச் சுவரில் ஏறியவர்களைத் தடுத்ததில் நீண்ட ஈட்டிகளுக்குப் பெரிய பங்கு. கடைசியில் மே 24இல் கோட்டை விழுந்ததற்கு முக்கியக் காரணம் கூடுதல் படையும் பீரங்கியும். அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற கம்பெனி அதிகாரி, வளரி எறியத் தனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சின்ன மருது என்று பிற்பாடு தன் நினைவுக் குறிப்பில் மரியாதையோடு எழுதினார். எதிரியே மதித்த ஒரு போர்முறையை நாம் தொடரில் தற்கொலையாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. நம் பக்கம் துப்பாக்கியே இல்லாதது போலவும் காட்டுகிறார்கள். பாளையக்காரர்களிடம் திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகள் இருந்தன, சுடத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். துப்பாக்கியைக் கண்டு மிரண்ட கூட்டம் இல்லை அது.

1857 சிப்பாய்க் கிளர்ச்சிக் கதை எடுப்பவர்கள் இதே தப்பைச் செய்யும்போது இன்னும் மோசமாகிவிடுகிறது. அந்த வருஷத்துப் புதுத் துப்பாக்கி 1853 மாதிரி என்ஃபீல்ட். அதுவும் வாய்வழிதான். குழாய்க்குள் திருகு வெட்டு இருந்தது, காகிதம் சுற்றிய குண்டு சுலபமாக உள்ளே இறங்கத் தோட்டாவுக்குக் கொழுப்புத் தடவினார்கள். பசுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற பயம் ஏன் வந்தது? அதைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. விரலால் கிழித்தால் போதும் என்று பயிற்சி முறையையே மாற்றியும் சந்தேகம் தீரவில்லை. இப்போது அதே சிப்பாய் கையில் பித்தளைத் தோட்டா போடும் 303ஐக் கொடுத்துவிட்டால், அவன் எதைக் கடிப்பான்? எதற்குக் கோபப்படுவான்?

1911இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அதையும் சுழலும் ரிவால்வராகக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அது சின்னத் தப்பு, கதை கெடாது. அதற்காக நான் சண்டைக்கு வர மாட்டேன்.

"பட்ஜெட் இல்லை சார், தயாரிப்புக் கம்பெனியில் இருக்கிற டம்மியைத்தான் தருவார்கள்" என்று சீரியலில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொன்னார். நியாயம்தான். தினமும் ஒரு எபிசோட் தர வேண்டிய நெருக்கடி எனக்கும் புரிகிறது. ஆனால் நான் கேட்பது அச்சு அசல் துப்பாக்கி இல்லை. மரக்கட்டையே இருக்கட்டும். ஒரு தடவை சுட்டதும் அதைக் கீழே ஊன்றச் சொல்லுங்கள், ஒரு கம்பியை உருவி இடிக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் புகை போடுங்கள். 1993இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த, நெப்போலியன் காலத்துப் போர்க்கதையான 'ஷார்ப்' தொடரில் ஒரு கதையின் முக்கியமான பகுதியே, ஒரு படைப்பிரிவை நிமிஷத்துக்கு மூன்று தடவை சுடப் பழக்குவதுதான். கெட்டிக்கும் நேரத்தை அவர்கள் மறைக்கவில்லை. அந்தக் காத்திருப்பில்தான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மகளுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எண்பது மீட்டர் தள்ளி, டிரான்ஸ்பார்மர் பக்கம் அவளை நிறுத்தினேன். நான் "டுமீல்" என்றதும் அவள் ஓடி வர வேண்டும். கடித்தேன், கொட்டினேன், ஊன்றினேன், திணித்தேன், இடித்தேன். கம்பைத் தோளுக்குத் தூக்குவதற்குள் அவள் வந்து என் வயிற்றில் குத்திவிட்டாள்.