பென்டிரைவ் கெட்டுப்போகவில்லை, செருகிய இடம்தான் தவறு

"டெஸ்லா மாடல் 3 மின்சாரக் காரில் எந்த யூஎஸ்பி துளையில் வேண்டுமானாலும் பென்டிரைவைச் செருகலாம், காரின் கேமரா காட்சிகள் அதில் பதிவாகவில்லை என்றால் புதிது வாங்குங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வீண் செலவுக்கு வழிகாட்டும் யோசனை இது.

ஏறத்தாழ 2021 நவம்பருக்குப் பிறகு தயாரான கார்களில், முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள துளைகள் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படக்கூடும் என்று நிறுவனத்தின் கையேடே சொல்கிறது. பின் இருக்கைத் துளைகளும் அப்படித்தான். மின்சாரம் வரும், தரவு போகாது. பதிவுக்கு உரிய இடம் டேஷ்போர்டு அறைக்குள் (குளவ் பாக்ஸ்) இருக்கும் துளை.

அங்கே செருகியும் பதிவாகவில்லையா? விண்டோஸ் கணினியில் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த டிரைவை இந்தக் கார் ஏற்காது. எக்ஸ்ஃபேட் போன்ற கார் ஏற்கும் முறை வேண்டும். காரின் திரையில் பாதுகாப்புப் பகுதிக்குள் போனால் அங்கேயே ஃபார்மேட் செய்துகொள்ளலாம், தேவையான கோப்புறையையும் அதுவே உருவாக்கிவிடும். பழைய பதிவுகள் அழிந்துவிடும், முதலில் நகலெடுத்து வையுங்கள். கொள்ளளவு குறைந்தது 64 ஜிபி. எழுதும் வேகமும் முக்கியம்: தொடர்ந்து வினாடிக்கு 4 எம்பியாவது தாங்க வேண்டும். இலவசமாகக் கிடைத்த பென்டிரைவ்கள் இங்கேதான் காலை வாரும்.

காரில் போன் சார்ஜ் செய்தால் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் கார் ஓடும் தூரம், "பாதியாகிவிடும்" என்ற பேச்சும் உண்டு. அதற்குப் பதில் சொல்ல ஒரு கணக்கு போதும். 5000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போனை முழுதாக சார்ஜ் செய்யச் சுமார் 19 வாட்-மணி மின்சாரம் வேண்டும். கார் ஒரு கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி அளவில் செலவிடுகிறது. இழப்பையும் சேர்த்தால் நீங்கள் இழப்பது ஏறக்குறைய 150 மீட்டர். ஏசியைப் பற்றிக் கவலைப்பட்டாலாவது அர்த்தம் உண்டு.