சுதர்சன் நம்மாள் இல்லையாம்

நம்ம ஊர் வாயனசாலை (நூலகம்) விவகாரம் இதற்குள் எல்லோர் காதுக்கும் வந்திருக்கும். அறிவியல் தினத்துக்கு மாட்டிய மூன்று இயற்பியல் விஞ்ஞானிகள் படங்களில் ராமனும் சந்திரசேகரும் சுவரில் இருக்கிறார்கள், மலையாளியான இ.சி.ஜி. சுதர்சன் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டார். ஏன் என்று கேட்டால், "அவரு நம்மாள் இல்லீங்களே, நோபலும் வாங்கலையே" என்று பதில். சொன்னவர் எனக்கு அண்ணன் முறை. அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே மூட மாட்டேன்.

சந்திரசேகர் பிறந்தது லாகூரில். வேலை பார்த்தது சிகாகோ பல்கலைக்கழகத்தில். 1953இல் அமெரிக்கக் குடிமகனும் ஆகிவிட்டார். அவர் நம்மாள், சந்தோஷம். கோட்டயம் பக்கம் பள்ளத்தில் பிறந்து, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, 1980களில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தவர் மட்டும் அந்நியர். கேரளா ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் உட்கார்ந்து தமிழர்கள் நாம் இதைப் பேசுகிறோம்!

ஆள் என்ன செய்தார் என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

1957இல் அவர் அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். அணுக்கரு எலக்ட்ரானை உமிழ்ந்து வேறொன்றாக மாறுவதற்கு, அதாவது பீட்டா சிதைவுக்குக் காரணமான விசை எந்த வடிவத்தில் இயங்குகிறது என்பதில் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக நின்றன. அவரும் வழிகாட்டி மார்ஷாக்கும் 'வி மைனஸ் ஏ' (வெக்டர், ஆக்ஸியல் வெக்டர் என்ற இரண்டு கணித வடிவங்களின் கலவை) என்ற வடிவம்தான் சரி என்றார்கள். அதற்கு ஒத்துவராத நான்கு சோதனைகள்தான் தப்பு, திரும்பச் செய்யுங்கள் என்றும் சொன்னார்கள். திரும்பச் செய்தார்கள். சோதனைகள்தான் தப்பு. ஆனால் அந்த வருஷம் ராச்செஸ்டர் மாநாட்டில், மாணவர் என்பதால் அவருக்கு மேடை கிடைக்கவில்லை. பேர் முழுக்க பிரபல இயற்பியலாளர்கள் ஃபெய்ன்மனுக்கும் கெல்மனுக்கும் போனது. கண்டுபிடித்தது சுதர்சனும் மார்ஷாக்கும்தான் என்று பின்னால் ஃபெய்ன்மனே ஒப்புக்கொண்டார். ஃபெய்ன்மன் ஒப்புக்கொண்டது நம்ம வாயனசாலைக் கமிட்டிக்குப் போதவில்லை.

அப்புறம் அந்த நோபல். எந்த ஒளியையும் லேசர் போன்ற ஒழுங்கான ஒளிநிலைகளின் கலவையாக எழுதலாம் என்று 1963இல் சுதர்சன் காட்டினார். கலவையில் ஏதாவது ஒரு பங்கு நெகட்டிவாக வந்தால், அந்த ஒளிக்குப் பழைய அலைக் கணக்கு போதாது, குவாண்டம்தான் வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு கிளாபர்–சுதர்சன் என்று இரண்டு பேர், கிளாபர் அமெரிக்க இயற்பியலாளர். 2005 நோபலில் பாதி கிளாபருக்கு, மீதி ஹால், ஹென்ஷ் என்ற வேறு இரண்டு இயற்பியலாளர்களுக்கு. இவருக்கு ஒன்றுமில்லை.

கிளாபரின் கட்டுரை பிப்ரவரியில் வந்தது, சுதர்சனுடையது ஏப்ரலில்தானே என்று தேதியோடு வருவீர்கள், தெரியும். சரி, வந்தது. எந்த ஒளிக்கும் பொருந்தும் என்று பொதுவாக்கியது ஏப்ரல் கட்டுரை. நோபல் கமிட்டிக்குக் கடிதம் எழுதிக் கேட்டாரே, அது அழகா என்பீர்கள். ஏன், வேலை செய்தவன் கூலி கேட்டால் அசிங்கமா? நாம் பஞ்சாயத்து ரோட்டுக்கு எத்தனை மனு எழுதுகிறோம்.

ப்ளஸ் டூவில் எனக்கு பிசிக்ஸ் எடுத்த மாஷ் (வாத்தியார்) மலையாளி. தமிழ் மீடியம் பிள்ளைகளுக்காகத் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டு போர்டில் எழுதுவார். ஒற்றெல்லாம் விட்டுப்போகும், நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். சுதர்சன் பேரை முதலில் அவர் வாயில்தான் கேட்டேன். அப்படியென்றால் மாஷும் நம்மாள் இல்லைதானே? நான் மட்டும் யாருடைய ஆள்? கோயம்புத்தூர் ஹாஸ்டலில் என்னை 'மலையாளத்தான்' என்றார்கள். பாலக்காட்டில் வேலைக்குப் போன இடத்தில் தமிழன் என்று இளக்காரமாக 'பாண்டி' என்றார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு வந்த நாமே இன்னொருத்தரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறோம். எனக்கு எரிகிறது என்றால் அதற்குத்தான், படத்துக்கு மட்டும் இல்லை.

இவன் மலையாளிக்கு வால்பிடிக்கிறான் என்று ஏற்கெனவே ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. அனுப்பிய அண்ணனுக்கு நன்றி. 'வி மைனஸ் ஏ' பற்றிச் சண்டை போட வருகிறவர்கள் கமெண்டுக்கு வாருங்கள். சாதி, ஊர், பாஷை விசாரிக்க வருகிறவர்களை பிளாக் செய்துவிடுவேன், முறைக்கு அண்ணனாக இருந்தாலும்.