கண்ணாடியும் பல்சக்கரமும் மாட்டினால் கண்டுபிடிப்பாளர் ஆகிவிடுவாளா?

ஸ்டீம்பங்க், அதாவது நீராவி எந்திரங்கள் ஆளும் கற்பனை உலகில் நடக்கும் காதல் சாகசக் கதைகளில் நாயகி பித்தளைக் கண்ணாடி மாட்டியிருப்பாள், இடுப்பில் ஸ்பேனர் தொங்கும். ஆனால் பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. என் புகார் இதுதான்: அந்த உலகத்தின் நீராவிக்கும் சட்டத்துக்கும் உள்ள விதிகளே கதையை நகர்த்தப் போதும். அதை விட்டுவிட்டு வில்லனின் துப்பாக்கியைத் தேடுகிறார்கள்.

வில்லன் துரத்துகிறான், அவள் அடுப்பைப் பற்றவைத்து ஐந்தே நிமிடத்தில் ஆகாயக் கப்பலைக் கிளப்புகிறாள். நடக்காது. 25 டிகிரித் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்கு, அதை முழுக்க ஆவியாக்கத் தேவை. குளிர்ந்து கிடக்கும் பெரிய ரயில் எஞ்சினில் அழுத்தம் ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் இரும்பு சீரில்லாமல் விரிந்து இணைப்புகள் கசியும். காதல் கதை எழுதுபவருக்கு இதைவிட என்ன வரம் வேண்டும்? இரண்டு பேர், ஓர் அடுப்பு, இரவு முழுக்கக் காத்திருப்பு.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. தண்ணீர் குறைந்து நெருப்பறையின் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அது பழுக்கக் காய்ந்து வலுவிழக்கும், பாய்லர் வெடிக்கும். அதற்காகவே தகட்டில் ஈயம் அடைத்த திருகு ஒன்று உண்டு. ஈயம் 327 டிகிரியில் உருகி, நீராவி சீறி எச்சரிக்கும். திருகின் மேல் உப்புப் படிவு ஏறியிருந்தால் அதுவும் கைவிடும். கத்துக்குட்டி பதறிப்போய்ப் பச்சைத்தண்ணீரைப் பாய்ச்சி ஆபத்தைக் கூட்டுவான். நம் நாயகி ஈரச் சாம்பலை அள்ளி நெருப்பை மூடுவாள். அவள் யாரென்று காட்ட அந்த ஒரு செயல் போதும்.

ஆகாயக் கப்பலா? பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி ஜிஃபார் நீராவிக் கப்பலில் 1852 செப்டம்பர் 24 அன்று பாரிசிலிருந்து சுமார் 27 கி.மீ. பறந்தார். எஞ்சின் வெறும் 3 குதிரைத்திறன். மேலே ஹைட்ரஜன், கீழே நெருப்பு என்பதால் புகைபோக்கியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். எதிர்க்காற்றை வெல்ல முடியாமல் பாரிசுக்குத் திரும்பவில்லை. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஒரு கிலோவுக்குச் சற்றே மேல் தூக்கும். 65 கிலோ காதலனை ஏற்றினால் சுமார் 60 கன மீட்டர் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் நிலக்கரியைத் தூக்கி எறிய வேண்டும். எதை எறிவது என்பதில் ஓர் அத்தியாயமே எழுதலாம்.

பலரும் தொடாத இடம் காப்புரிமை. 1852 சட்டப்படி இங்கிலாந்தில் அதற்கு முதலில் 25 பவுண்டு, மூன்றாம் ஆண்டு முடிவில் 50, ஏழாம் ஆண்டு முடிவில் 100. கட்டத் தவறினால் உரிமை காலாவதி. திருமணமானாலோ, காப்புரிமை உள்ளிட்ட அவளுடைய அசையும் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். அதை மாற்றிய 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1883 ஜனவரி 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. அதன் பிறகும் நிலைமை ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் மின்வில் விளக்கு ஏன் சீறுகிறது என்று கண்டுபிடித்த ஹெர்தா ஏர்ட்டனை 1902இல் இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. காரணம், அவர் திருமணமான பெண்.

ஆக, 1881இல் நடக்கும் கதையில் காதலன் மோதிரத்தோடு வந்தால் அது பாதி வில்லத்தனம். வழி அப்போதும் இருந்தது: கல்யாணத்துக்கு முன்பே, மனைவியின் தனிச்சொத்து என்று அறங்காவலர் பெயரில் எழுதிவைக்கும் பத்திரம். மோதிரத்தை மறந்துவிட்டு அந்தப் பத்திரத்தோடு கரிபடிந்த பட்டறை வாசலில் வந்து நிற்கும் ஒருத்தனை யாராவது எழுதுங்களேன்.