ஊரை இணைக்கும் முன் ஊராரைக் கேட்க வேண்டும்

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில், பாலாடைக்கட்டிக்குப் பெயர்பெற்ற லிவாரோவும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுமாக 22 கொம்யூன்கள் (தனக்கென மேயரும் மன்றமும் உள்ள, பிரான்சின் அடிப்படை உள்ளாட்சி அலகுகள்) 2016 ஜனவரி 1 அன்று லிவாரோ-பேய்-தோஜ் என்ற ஒரே கொம்யூனாக இணைக்கப்பட்டன. 1789 டிசம்பர்ச் சட்டத்திலிருந்து தொடர்ந்துவந்த தன்னாட்சியை பெல்லூ, ஃபெர்வாக் போன்ற சிற்றூர்கள் அன்றோடு இழந்தன.

இணைப்பை ஆதரிப்போர் கூறும் காரணங்களை நான் மறுக்கவில்லை. நூறு பேர்கூட இல்லாத ஊரில் ஏழு உறுப்பினர் மன்றத்துக்கு ஆள் கிடைப்பதே அரிது. எழுத்தர் வாரத்தில் சில மணி நேரம்தான் வருவார். ஆனால் அரசு தன் மானியத்தை ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டிருந்த வேளையில், இணையும் ஊர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் அந்த வெட்டு இராது என்று 2015 மார்ச்சுச் சட்டம் சலுகை தந்தது. தட்டுப்பாட்டையும் உண்டாக்கி, தப்பிக்கும் வழியையும் காட்டிய பிறகு, அந்த மேயர்கள் விரும்பித்தான் இணைந்தார்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிட வருத்தம் தருவது, எல்லா மன்றங்களும் ஒப்புக்கொண்டுவிட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை என்பதுதான். ஆயிரம் பேருக்குக் குறைந்த கொம்யூன்களில் 2020 தேர்தல் வரை வாக்காளர் தமக்கு வேண்டாத பெயரை அடித்துவிட்டு வேறொருவர் பெயரை எழுத முடிந்தது. இணைந்த பெரிய கொம்யூனிலோ, கட்சிகளும் அணிகளும் வகுத்துத் தரும் பட்டியலை அப்படியே ஏற்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பழைய ஊருக்கும் ஓரிடம் உண்டு என்ற உறுதி எங்கும் இல்லை. பழைய ஊருக்கென்று ஒரு பிரதிநிதி மேயரும், பிறப்பையும் திருமணத்தையும் பதிய ஒரு கிளை அலுவலகமும் தரப்படுவது உண்மைதான். ஆனால் புதிய மன்றம் தீர்மானம் நிறைவேற்றி அந்தப் பழைய ஊரின் தகுதியையே நீக்கிவிடலாம்.

இதே பிரான்சில், முதல் உலகப் போரில் தரைமட்டமான வெர்டன் பகுதி ஊர்களில் ஆறு, குடியிருப்போர் ஒருவருமின்றியும் இன்றுவரை கொம்யூன்களாகவே நீடிக்கின்றன. அவற்றில் மேயரின் பணியைச் செய்யும் தலைவரை மாவட்ட ஆட்சியர் நியமிக்கிறார். மாண்ட ஊர்களுக்கு அந்த நாடு காட்டும் மதிப்பை நான் வணங்குகிறேன். மக்கள் வாழும் ஊர்களுக்கும் அந்த மதிப்பில் ஒரு பங்கு வேண்டும் என்கிறேன்: இணைப்புக்கு முன் ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியே வாக்கெடுப்பு நடக்க வேண்டும், புதிய மன்றத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஓரிடம் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும், கிளை அலுவலகத்தை மூடுவதற்கு அவ்வூராரின் ஒப்புதல் பெறப்பட வேண்டும்.