மருக்கொழுந்துக் கஷாயம் மலேரியாவைப் போக்காது

"மருக்கொழுந்தைக் கொதிக்கவைத்துக் குடித்தால் மலேரியா போய்விடும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. பரிசு உண்மைதான்; 2015-இல் சீன ஆய்வாளர் தூ யூயூவுக்குக் கிடைத்தது. ஆனால் மலேரியா மருந்துக்கு அவர் எடுத்த செடி ஆர்ட்டிமிசியா அன்னுவா. மருக்கொழுந்து அதற்கு உறவுக்காரச் செடி, அவ்வளவே.

அப்புறம் அந்தக் கொதிக்கவைக்கிற விஷயம். பழைய சீன மருத்துவ நூலில் 'ஒரு கைப்பிடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி' என்றிருந்ததைப் படித்த பிறகுதான், சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு செடியின் சாற்றைப் பிரித்தெடுத்தார், 1971-இல் பலித்தது.

அசல் செடியின் டீயைக்கூட உலக சுகாதார நிறுவனம் மலேரியாவுக்கு ஆதரிக்கவில்லை. 2019 அறிக்கை அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.