வேடியப்பனை மறைத்த ஃபிளெக்ஸ்

போன வாரம் எங்கள் ஊர் வேடியப்பன் கோயிலுக்குப் போயிருந்தேன். கோயில் என்றால் புளியமரத்தடியில் ஒரு நடுகல், அவ்வளவுதான். அந்தக் கல்லை மறைத்துக்கொண்டு பன்னிரண்டு அடியில் ஒரு ஃபிளெக்ஸ். கல்லில் இருப்பவன் கையில் வில். ஃபிளெக்ஸில் இருப்பவர் கையில் வாள், பக்கத்தில் சிங்கம், தலைக்குப் பின்னால் சூரியன். அவர் இன்னும் வேட்பாளர்கூட இல்லை. சீட்டு கேட்டிருக்கிறாராம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நடுகல் புதிதில்லை. ஏர் ஓட்டும்போது தட்டுப்படும், ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும். மாட்டு மந்தையை ஓட்டிப்போனவர்களைத் துரத்திப் போய் மீட்டு, அங்கேயே செத்தவனுக்கு நட்ட கல். ‘தொறு மீட்டுப் பட்டான்’ (மந்தையை மீட்டுச் செத்தான்) என்று பழைய வட்டெழுத்தில் இருக்கும். யார் ஆட்சியில், யாருடைய ஆள், என்ன செய்தான் என்பதோடு சரி. ‘வருங்காலமே’ என்றெல்லாம் எந்தக் கல்லிலும் கிடையாது. செங்கம் பக்கம் எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் என்ற நாய்க்கும் பெயரோடு இடம் கொடுத்திருக்கிறார்கள். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். நம் ஃபிளெக்ஸின் அடியில் கண்ணாடி போட்டு வரிசையாக நிற்கும் தம்பிகள் யாரைக் கடித்தார்கள் என்று தெரியவில்லை. (கோபிக்க வேண்டாம். இருபது வயதில் நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.)

இந்த ஃபிளெக்ஸ் வைத்தது என் சித்தப்பா மகன். பெங்களூரில் கட்டட வேலை. இரண்டு வாரக் கூலியை இதில் போட்டிருக்கிறான். உள்ளூரில் ஏன் வேலை இல்லை என்று அந்தப் படத்தில் இருப்பவரிடம் கேட்கலாமே என்றேன். “அவரைப் பத்தி மட்டும் பேசாதீங்கண்ணா” என்றான். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன், முகம் சிவந்துவிட்டது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேள்வி கேட்கலாம். கற்பூரம் காட்டிவிட்ட படத்திடம் எப்படிக் கேட்பான்?

அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தருமபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டி நினைவு வந்தது. 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்த நாள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுலா வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் வெந்து செத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் தீர்ப்புக்கும் என்ன சம்பந்தம்? ‘கொளுத்து’ என்று மேலிருந்து யாரும் சொல்லத் தேவையே இல்லை. பக்தன் தானே முடிவு செய்துகொள்வான். மூன்று பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பாகி, 2016-இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 2018-இல் வெளியே வந்துவிட்டார்கள். ஒரு கட்சியைச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இன்று எல்லாக் கட்சியிலும் என் சித்தப்பா மகன்கள் இருக்கிறார்கள்.

இதே மண்ணில் பர்கூரும் இருக்கிறது. 1991-இல் ஜெயலலிதாவை ஜெயிக்க வைத்து அனுப்பிய தொகுதி. 1996-இல் அவர் முதலமைச்சராக இருக்கும்போதே தோற்கடித்தது. அப்போது எங்கு பார்த்தாலும் கட்அவுட்தான். அண்ணாந்து பார்த்துவிட்டு, பூத்துக்குள் போய்க் குனிந்து வேறு இடத்தில் முத்திரை குத்திவிட்டு வந்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு இது தெரியாதது இல்லை என்பதால்தான் எனக்கு ஆதங்கம்.

சரி, கோயிலுக்கு வருகிறேன். பூசாரி தினமும் சாயங்காலம் ஃபிளெக்ஸின் கீழ்க்கயிற்றை அவிழ்த்து, குனிந்து உள்ளே நுழைந்து, வேடியப்பனுக்கு விளக்கு வைத்துவிட்டு மறுபடி கட்டிவிட்டு வருகிறார். அவிழ்த்தே போட்டுவிடலாமே என்றேன்.

“சாமி ஒண்ணும் சொல்லாதுப்பா. பசங்க சண்டைக்கு வருவாங்க” என்றார்.